நெல்லைச் சீமைக்குக் காரில் நான்கு நாள்: எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்து சொந்தக் காரில், ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நான்கு நாள். நீங்கள், மனைவி, 70 வயதான அம்மா, 12 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஓட்டப்போவது நீங்கள் ஒருவர்தான். குற்றாலம், பாபநாசம், மாஞ்சோலை, திருச்செந்தூர், மணப்பாடு, கன்னியாகுமரி, தென்மலை என்று ஏழு இடம் எழுதி, இன்னும் எதைச் சேர்க்கலாம், பெட்டியில் என்னென்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாளையங்கோட்டைக்காரன். இந்தச் சாலைகளில் இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். எதையும் சேர்க்க வேண்டாம், மூன்றை அடித்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. மாஞ்சோலைக்கு உங்கள் காரில் போக வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், பாதை குறுகல், ஏற்றம், வளைவு. அம்மாவையும் ஆறு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்தப் பாதை வேண்டாம். கன்னியாகுமரி இங்கிருந்து 85 கிலோமீட்டர். அதற்கே ஒரு நாள் போய்விடும். தென்மலை கேரளத்துக்குள் இருக்கிறது. அந்த இரண்டையும் அடுத்த தடவை சேர்த்துப் பாருங்கள்.

வரைபடத்தில் பார்த்தால் இங்கே எல்லாம் பக்கம் பக்கம்தான். திருநெல்வேலியில் இருந்து தென்காசி 55 கிலோமீட்டர், பாபநாசம் 50-க்குள், திருச்செந்தூர் 60-க்குள். அதனால்தான் வெளியூர்க்காரர்கள் ஒரே நாளில் நான்கு இடம் போட்டுவிடுகிறார்கள். நம்ம பக்கத்தில் பயணத்தைத் தீர்மானிப்பது தூரமே இல்லை. பெரும்பாலான கோயில்கள் மதியம் 12, 12:30-க்கு நடை சாத்தினால் நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். குற்றாலம் பேரருவியில், குளிக்கிற இடத்துக்கு மேலே இருக்கும் ஆர்ச்சை (பாதுகாப்பு வளைவை)த் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் பாபநாசம் போகும் பாதை சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தால் நிரம்பியிருக்கும், மேலே தனியார் வண்டிக்கும் கட்டுப்பாடு இருக்கும். ஆடி அமாவாசை சில வருடங்களில் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் வரும். கிளம்புவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். உங்கள் நாட்களோடு மோதினால் பாபநாசத்தையும் விட்டுவிடுங்கள்.

வழியைச் சுற்றுப்பாதையாக வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் விழுப்புரம், திருச்சி, மதுரை வரை நால்வழிச்சாலை. பிறகு திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி. அன்று இரவு தென்காசியிலோ குற்றாலத்திலோ தங்கல். இரண்டாம் நாள் அருவி முடித்து, கடையம், அம்பாசமுத்திரம் வழியாக ஆற்றை ஒட்டியே திருநெல்வேலி. மூன்றாம் நாள் கடற்கரை போய்விட்டுத் திரும்பவும் திருநெல்வேலி. நான்காம் நாள் கோவில்பட்டி, மதுரை வழியாக ஊர். போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

முதல் நாள் ஓட்டம் 600 கிலோமீட்டருக்கு மேல். ஒற்றை ஆள் ஓட்டுவதற்கு இதுவே உச்சம். முந்தின இரவு 9 மணிக்குப் படுத்துவிட முடிந்தால் மட்டும் அதிகாலை 4:30-க்குக் கிளம்புங்கள். ஆபீஸ் முடிந்து வந்து, மூட்டை கட்டி, பதினொரு மணிக்கு வண்டியை எடுத்து ராத்திரி முழுக்க ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். நால்வழிச்சாலையில் விளக்குப் போடாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான் பெரிய ஆபத்து. விடியற்காலைத் தூக்கத்தில் அது கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும். மதியம் இரண்டுக்குள் திருமங்கலத்தைத் தாண்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஊருக்குள் ஊராகப் போகிற பாதை, டிராக்டரும் பள்ளிப் பேருந்தும் குறுக்கே வரும், வேகம் பாதியாகும். மூன்று மணிவாக்கில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் காலை நீட்டிக்கொண்டால் ஐந்தரைக்குள் தென்காசி. மதுரையிலேயே கண் சொருகினால் அங்கேயே தங்கிவிடுங்கள். விடுதி முன்பதிவுப் பணம் போனால் போகட்டும்.

கடையநல்லூர் தாண்டினால் காற்றின் குணம் மாறுவது கண்ணாடியை இறக்கினாலே தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. கூரைமேல் கேரியர் போட்டு மூட்டை கட்டி, அதன்மேல் தார்ப்பாய் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். தார்ப்பாய் ஓரம் அவிழ்ந்து காற்றில் அடிக்க ஆரம்பித்தால் வண்டியே ஒரு பக்கம் இழுக்கும். ஐந்து பேருக்கு நான்கு நாள் சாமான் டிக்கிக்குள் அடங்கும். அடங்கவில்லை என்றால் சாமான்தான் அதிகம்.

சாமானை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள். மேற்கே ஈரம், கிழக்கே வெயில். ஒரே மாவட்டத்து எல்லை போலத் தெரிந்தாலும் ஐந்தருவியில் பல் கிட்டுகிற அதே நாளில் திருச்செந்தூர் மணல் காலைச் சுடும்.

ஈரப் பை: அருவிக்கு மட்டும் தனியாக ஒரு பை. ஆளுக்கு இரண்டு செட் கருப்பு, நீலம் மாதிரி அடர்நிறப் பருத்தி உடுப்பு. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல் கணக்கு, சாரல் காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. தடித்த டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு ஆளுக்கு இரண்டு. பிழிந்து பின் சீட்டின் மேல் விரித்தால் அம்பாசமுத்திரம் போவதற்குள் காய்ந்துவிடும். மூடியோடு ஒரு பிளாஸ்டிக் வாளி கட்டாயம். ஈரத்துணியை அதில் போட்டு மூடினால் வண்டிக்குள் நாற்றம் வராது, திரும்பும்போது அதே வாளி வேறு சாமானுக்கு ஆகும். பிடிப்புள்ள ரப்பர் செருப்பு. அம்மாவுக்குத் தலை துவட்டியதும் போட ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ. சோப்பு, சீயக்காய், ஷாம்பு, எண்ணெய் எதுவும் அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே அவற்றுக்குத் தடை. அந்தத் தண்ணீர்தான் கீழே குளத்துக்கும் வயலுக்கும் போகிறது.

வெயில் பை: தொப்பி, குடை, கைநீளச் சட்டை, உங்களுக்கு வேட்டி, சீக்கிரம் கழற்றி மாட்டுகிற செருப்பு. குடை இரண்டு பக்கத்துக்கும் ஆகும், அதனால் அதை டிக்கியில் போடாமல் காலடியில் வையுங்கள்.

அருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள், விடுமுறை நாளில் ஒன்பது மணிக்கு மேல் வண்டி நிறுத்தவே இடம் இருக்காது. கழுத்துச் சங்கிலி, கம்மல், பிள்ளையின் கொலுசு எல்லாவற்றையும் விடுதியிலேயே கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். விழுகிற தண்ணீரின் வேகத்தில் சங்கிலி அறுவது தெரியவே தெரியாது. மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான். அப்புறம் கார்ச் சாவி. இப்போதைய சாவிக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது, நனைந்தால் வண்டி கிளம்பாமல் போகலாம். குளிப்பதை இரண்டு முறையாக வைத்து, ஒருவர் சாவியோடும் கைப்பேசியோடும் கரையில் நில்லுங்கள். அம்மா குளிக்கவில்லை என்றால் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபையும் அருகில்தான், சுவர் முழுக்க ஓவியம். கூட்டம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்க அவர்களுக்கு அதுவே பிடிக்கும்.

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். வெள்ளையாக விழுவது திடீரென்று செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக வந்தாலோ, யாரும் சொல்வதற்குக் காத்திருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள். கீழே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் நொடியில் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அந்தப் படிக்கட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். போலீஸ் விசில் ஊதினால், இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சாதீர்கள்.

குரங்கு விஷயம் சின்னது, ஆனால் மறக்கக்கூடாது. குற்றாலத்திலும் பாபநாசத்திலும் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்க வேண்டும், தின்பண்டப் பை வெளியே தெரியக்கூடாது.

நேரம் இருந்தால் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் பாருங்கள். ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்திருக்கும். வரப்பில் நின்று பாருங்கள், படம் எடுக்க வயலுக்குள் இறங்க வேண்டாம். அது ஒருவருடைய வெள்ளாமை.

அம்பாசமுத்திரம் பக்கம் தாமிரபரணி வந்துவிடும். பாபநாசம் போனால் பாபநாசநாதர் கோயில் முன்னால் படித்துறையில் அம்மா காலை நனைத்துக்கொள்ளலாம். இழுப்பு உள்ள ஆறு, பிள்ளைகள் கை உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரிகாரம் என்று யாராவது சொன்னால்கூட, உடுத்திக் குளித்த துணியை ஆற்றில் விடாதீர்கள். வருடாவருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இறங்கி, சேற்றில் புதைந்த சேலையையும் வேட்டியையும் மூட்டை மூட்டையாக இழுத்துப் போடுகிறார்கள். நாங்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். சோதனைச்சாவடி தாண்டி மலைமேல் போவதாக இருந்தால் பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் இல்லாமல் போங்கள், வண்டியைச் சோதிப்பார்கள். திரும்பும் வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம், பத்தமடையில் கோரைப்பாய். பாய் சுருட்டினால் டிக்கியில் குறுக்காகப் படுத்துவிடும்.

மூன்றாம் நாள் திருச்செந்தூர். காலை ஐந்துக்கெல்லாம் திருநெல்வேலியை விட்டுவிடுங்கள். ஆண்கள் சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கைப்பேசிக்கு அனுமதி இல்லை. இதனால் ஒரு சிக்கல் வரும்: கூட்டத்தில் பிரிந்தால் போன் போட்டுக் கூப்பிட முடியாது. உள்ளே போவதற்கு முன்பே, பிரிந்தால் எந்த இடத்தில் வந்து நிற்பது என்று பெரிய பிள்ளைக்கும் அம்மாவுக்கும் காட்டிவைத்துவிடுங்கள். சின்னவன் சட்டைப்பையில் உங்கள் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். பன்னீர் இலை விபூதி வாங்கினால் இலை மடியாமல் இருக்க ஒரு சின்ன டப்பா வேண்டும்.

அங்கிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் தாண்டி மணப்பாடு. மணல்மேட்டில் கடலைப் பார்த்தபடி 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். காலை பத்து மணிக்குப் போனாலே மணல் சுடும், செருப்பைக் கழற்றாதீர்கள். வழியில் உடன்குடியில் கருப்பட்டி. திரும்பும்போது சாத்தான்குளம் பக்கமாக வந்தால் தேரி பார்க்கலாம், செக்கச்செவேல் என்று மணல்காடு. சாலையை விட்டு ஒரு சக்கரம்கூட அதில் இறக்காதீர்கள், புதைந்தால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும். மாலை நடை திறந்ததும் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில். திருச்செந்தூர் சாலையில் திருநெல்வேலிக்கு முன்னால் 13 கிலோமீட்டரில் இருக்கிறது. காலையில் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவீர்கள், மாலைச் சாய்வெயிலில் பார்ப்பதுதான் அந்தச் சிற்பங்களுக்கும் அழகு. வீரபத்திரர் சிலையின் முழங்கையில் நரம்பு புடைத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இனி வண்டி. சர்வீஸ் எல்லாம் கிளம்புவதற்கு முந்தின நாள் விடாதீர்கள், ஒரு வாரம் முன்பே விட்டு, உள்ளூரில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வைப்பர் ரப்பரை மாற்றுங்கள். சாரலில் கண்ணாடி வெளியே நனையும், உள்ளே மூச்சுக்காற்றில் பனிக்கும். ஏசியைப் போட்டு முன்கண்ணாடிக்குத் திருப்பினால் தெளியும். டயர்க் காற்று எவ்வளவு என்று ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும், முழுப் பாரத்துக்குத் தனிக் கணக்கு போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். வண்டி ஓடுவதற்கு முன் காலையில் அடிக்க வேண்டும். மதியம் அளந்தால் சூட்டில் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

ஸ்டெப்னிக்கு வருகிறேன். சில வருடத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம், மதுரையில் இருந்து சீர்வரிசைப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு வந்தோம். சாத்தூர் தாண்டிப் பின் டயர் பஞ்சர். மதியம் இரண்டு மணி. டிக்கியில் இரண்டு அண்டா, குத்துவிளக்கு, துணி மூட்டை. எல்லாவற்றையும் சாலையோரம் இறக்கி, அடியில் இருந்த பலகையைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துத் தரையில் போட்டேன். தொப்பென்று விழுந்து அப்படியே கிடந்தது. ஒரு துள்ளுகூட இல்லை. காற்று சுத்தமாக இறங்கியிருந்தது. ஒரு லாரிக்காரர் நிறுத்தி, என்னையும் சக்கரத்தையும் ஏற்றிப் போய்ப் பஞ்சர் கடையில் விட்டார். கூட வந்த என் அம்மா ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றில் இருந்து மாதம் ஒருமுறை ஸ்டெப்னிக்கும் காற்றுப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். டிக்கியை அடுக்கும்போது, இரண்டு பையை எடுத்தால் ஸ்டெப்னி வந்துவிடுகிற மாதிரி அடுக்குங்கள். ஜாக்கி, வீல் ஸ்பானர், டார்ச், முக்கோணப் பிரதிபலிப்பான் நான்கும் பூட்டில்லாத பையில் கைக்கு எட்டுகிற இடத்தில். வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் காற்றடிக்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், செல்லும். மலையடிவாரத்தில் சிக்னல் போய்விடும் என்பதால் ஜெராக்ஸ் ஒரு செட் டாஷ்போர்டில் இருக்கட்டும். பாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108. இரண்டையும் மனைவியும் பெரிய பிள்ளையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அம்மாவின் மாத்திரை டிக்கிக்குப் போகவே கூடாது. நான்கு நாள் பயணத்துக்கு ஆறு நாள் மாத்திரை, மருந்துச்சீட்டோடு, அவர்கள் கைப்பையில். சர்க்கரை இருந்தால் அவர்கள் சாப்பாட்டு நேரத்தை வைத்து உங்கள் நிறுத்தங்களை முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வைக்காவிட்டால் தென்காசி போய்ச் சேரும்போது கால் வீங்கியிருக்கும்.

முதல் நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே வாருங்கள். எங்கள் வீட்டில் செய்வது இது. முந்தின இரவு இட்லி அவித்து, சூடு முழுக்க ஆறவிட வேண்டும். மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் கொஞ்சம் தளரக் குழைத்து, ஒவ்வோர் இட்லியையும் இரண்டு பக்கமும் புரட்டி எடுக்க வேண்டும். வாழையிலையை அடுப்புத் தணலில் ஒரு சுற்று வாட்டினால் கிழியாமல் மடியும். ஆளுக்கு நான்கு இட்லி வைத்து மடித்து, மேலே ஒரு துணியோ காகிதமோ சுற்றிவிட்டால் காலை உணவு முடிந்தது. மதியம் வரைகூடக் கெடாது. தேங்காய்ச் சட்னி வேண்டாம், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஊசிவிடும். மதியத்துக்குப் புளியோதரை. பிள்ளைகளுக்குத் தயிர்சாதம் என்றால் பால் நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசையுங்கள், பசிக்கும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்றைவிடக் குழாய் வைத்த ஐந்து லிட்டர் கேன் இரண்டு நல்லது. சின்னவனுக்கு வளைவுகளில் குமட்டினால் கையில் ஒரு எலுமிச்சம்பழம், எட்டுகிற இடத்தில் ஒரு காகிதப் பை.

இங்கே வந்த பிறகு கட்டுச்சோறு வேண்டாம். தென்காசிப் பக்கம் செங்கோட்டைச் சாலையில் பார்டர் பரோட்டா இருக்கிறது, திருநெல்வேலியில் தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிக் குழம்போடு சாப்பாடு கிடைத்தால் விடாதீர்கள்.

இதே பயணத்தை டிசம்பருக்குத் தள்ளலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் சாலையே அறுத்துக்கொண்டு போனது, திருச்செந்தூரில் இருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. வடகிழக்குப் பருவத்தில் வந்தே ஆக வேண்டும் என்றால் கையில் ஒரு உபரி நாளும், வானிலை எச்சரிக்கை வந்தால் ரத்து செய்யும் மனசும் இருக்க வேண்டும்.

அல்வா மிச்சம் இருக்கிறது. இரண்டாம் நாள் மாலையே காரை விடுதியில் விட்டுவிட்டு ஆட்டோவில் டவுனுக்குப் போங்கள், ரதவீதியில் வண்டி நிறுத்த அலைய வேண்டாம். நெல்லையப்பர் கோயிலில் இசைத்தூண்களையும் தாமிரசபையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே இருட்டுக்கடை, சாயங்காலம்தான் திறப்பார்கள், வரிசை நீளமாக இருக்கும். அன்று சாப்பிட மட்டும் வாங்குங்கள். ஊருக்குக் கொண்டுபோவதை மூன்றாம் நாள் மாலை வாங்கினால் போதும். சூடாகக் கட்டித் தருவார்கள். விடுதிக்கு வந்ததும் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டில் இருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடாமல் ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து, நெய்யும் தண்ணீரும் கலந்து சீக்கிரம் கெட்டுவிடும். காலையில் மூடி, டிக்கியில் துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள், வெயில் படுகிற பின்கண்ணாடி மேல் வேண்டாம். ஃப்ரிட்ஜ் தேவையில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்க நிறுத்தும்போது டப்பா சாய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.